அக்காவின் கம்ப்யூட்டரும் எங்கள் கம்ப்யூட்டரும்

எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மளிகைச் சீட்டுக்கு மேல் எதையும் நீளமாக எழுதிப் பழக்கமில்லை. வயதும் ஆகிவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன். ஒருவர் பேசினதை இன்னொருவர் பேசினதாகவும் எழுதிவிடுவேன். மனதில் பட்டது மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. என் மகள் வயிற்றுப் பேரனும் அவன் அப்பாவும் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்க்கிறார்கள். அதில் மதர்போர்டு என்று ஒரு பலகை. மற்ற சாமான் எல்லாம் அதன்மேல்தான் உட்காருமாம். விலை கூடினதாக வாங்கினால் கூடுதல் நாள் உழைக்கும் என்றார் மருமகன். "நான் என்ன ஓவர்க்ளாக்கா பண்ணப் போறன்? சும்மா ஓட்டறதுக்கு சாதாரண போர்டே போதும்ப்பா" என்றான் பேரன். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். ஓவர்க்ளாக் என்றால் என்ன என்று கேட்டேன். கம்பெனிக்காரன் வைத்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே முடுக்கி ஓட்டுவது என்றான்.

"ஓ, டர்போ மாதிரியா?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அவர்கள் எதை வாங்கினார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் விலை கூடினது கூடுதல் நாள் வருமா என்ற அந்தக் கேள்வியை ஒரு காலத்தில் நான் இரவு பகலாக நெஞ்சில் சுமந்தவள். அப்போது எனக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் என் மூத்தார் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். மூத்தார் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். என் வீட்டுக்காரர் அங்கே சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருந்தார். அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே வீடு. ஒரே அடுப்பு. அந்த அடுப்பு என் ஓரகத்தியினுடையது. மூத்தாரின் மனைவியான அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

அக்கா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர். தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இடது கையில் வாட்ச் கட்டுவார். காலையில் ஒரு வாய் தின்றதும் தின்னாததுமாகப் புடவையை மடிப்பு எடுத்துக் குத்திக்கொண்டு இன்ஸ்டிடியூட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். போகும்போது, பருப்பு இவ்வளவு போடு, புளி இவ்வளவு கரை என்று சொல்லிவிட்டுப் போவார். நான் சமைப்பேன். சாயங்காலம் வந்து ருசி பார்த்து, உப்பு ஒரு கல் கூட என்பார். கூடத்தான் இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரியும்.

எனக்கு அவர்மேல் பொறாமை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வானேன்? அவர் வாட்ச்மேல் பொறாமை. அவர் விரல் ஓடுகிற வேகத்தின்மேல் பொறாமை. என் வீட்டுக்காரர் என்னோடு பேசினால், சோறு ஆச்சா, குழந்தை தூங்குச்சா என்பதோடு முடிந்துவிடும். அக்காவோடு பேசும்போது பேப்பர் செய்தி, பரீட்சை தேதி, ரிப்பன் விலை என்று பேச்சு நீளும். நடுநடுவே சிரிப்பும் வரும். தப்பாக ஒன்றும் இல்லை. அண்ணி என்று மரியாதையாகத்தான் பேசுவார். தப்பாக இருந்திருந்தால் சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும்.

அப்போதுதான் ஊரில் கம்ப்யூட்டர் என்று பேச்சு கிளம்பியது. மூத்தார் மெட்ராஸில் பெரிய கம்பெனி ஒன்றில் சொல்லி, விலை கூடின கம்ப்யூட்டர் ஒன்றை வரவழைத்தார். வெள்ளைத் தெர்மாகோலுக்குள் பொதிந்து வந்தது. அதனோடு கழுத்தில் டை கட்டின ஒரு இன்ஜினியரும் வந்தார். இன்ஸ்டிடியூட்டின் ஒரு மூலையைக் கண்ணாடி வைத்துத் தடுத்தார்கள். ஜன்னலில் ஏசி பெட்டி வந்தது. வாசலில் செருப்பு விட ஒரு மரத்தட்டு. கோயில் மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் மதர்போர்டு போய்விடும் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார்.

நான் மத்தியானச் சோற்றைத் தூக்கில் எடுத்துப் போவேன். ஒரு நாள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே கால் வைக்கப் போனேன்.

"அங்கயே நில்லும்மா. அடுப்படியில இருந்து அப்படியே வர்ற, பொடவையெல்லாம் தூசி" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளே உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் அங்கேதான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். தூக்கைக் கண்ணாடிக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன். வழியெல்லாம் முந்தானையை உதறிக்கொண்டே வந்தேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் கொஞ்ச நாள் வேலை செய்ததும், தனக்கென்று ஒன்று வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்குத் தோன்றிவிட்டது. பெங்களூரில் ஒருவர் சில்லறைச் சாமான்களை வாங்கி அவரே பெட்டியில் பூட்டிக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு ரயிலேறிப் போனார். அக்காவினுடையதில் பாதி விலைகூட இருக்காது. பெட்டியை மடியிலும், டி.வி. மாதிரி இருக்கிற மானிட்டரைப் போர்வையில் சுற்றிக் காலடியிலும் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். பென்னாகரம் ரோட்டில் ஒரு அறை பிடித்தார். முன்னால் அறை, பின்னால் ஒரு சின்ன சமையல்கட்டு. குடும்பத்தையும் அங்கேயே மாற்றுவது என்று பேச்சானது.

மூத்தாருக்குக் கோபம். ஆனால் கத்தமாட்டார். மெதுவாகச் சொன்னார்.

"டேய், நீ வாங்கினது ஒரு கம்ப்யூட்டரா? எவனோ பூட்டிக் குடுத்த பெட்டி. மெட்ராஸ் இன்ஜினியரு என்னா சொன்னாரு, கேட்ட இல்ல? இந்த மாதிரி போர்டு ஒரு வருசம் தாங்காதுன்னாரு. நம்முது பத்து வருசம் ஓடும்."

"ஓட்டிப் பாக்கறண்ணா."

"ஓட்டு. அது நின்னுபோன அன்னைக்கு ரோசம் பாக்காத. கடைய மூடிட்டு வூட்டுக்கே வந்துரு. மாடியில உன் நாற்காலி அப்படியேதான் இருக்கும். வூட்ல ரூமும் இருக்கும்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மூத்தாருக்கு முன்னால் நான் நிற்பதில்லை, பேசுவதும் இல்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்குக் கேட்டதோ வேறு. அந்தப் பலகை நின்றால் நான் திரும்பவும் அக்கா அடுப்புக்குப் போக வேண்டும்.

புது வீட்டுச் சமையல்கட்டில் இரண்டு பேர் நிற்க முடியாது. புகை போக ஒரே ஒரு சந்து. அங்கே முதல் நாள் ரசத்துக்குப் புளி கரைத்தபோது, எவ்வளவு கரைப்பது என்று யாரும் சொல்லவில்லை. தோன்றினதைக் கரைத்தேன். ரசம் நன்றாக வரவில்லை. ஆனாலும் அது என் ரசம்.

அதிலிருந்து நான் இரண்டு கம்ப்யூட்டரையும் வேவு பார்க்க ஆரம்பித்தேன்.

எங்கள் பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்ன பட்டன் இருந்தது. அதை அமுக்கினால் மஞ்சள் விளக்கு எரியும். கம்ப்யூட்டர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அதுதான் டர்போ. பெங்களூர்க்காரர் விற்கும்போதே, அது இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளத்தான் பட்டன், அமுக்கினால் சூடேறும், பலகை சீக்கிரம் போகும் என்று சொல்லி அனுப்பினாராம். என் வீட்டுக்காரர் அந்தப் பட்டன்மேல் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டார். குழந்தை கை வைக்காமல் இருக்கவும் அது நல்லதாயிற்று. அக்காவின் கம்ப்யூட்டரில் அந்தப் பட்டனே கிடையாது. ஒரே சீரான வேகம். ஆக, இரண்டையும் யாரும் முடுக்கி ஓட்டவில்லை. விலை கூடினது ஏசியில் இருந்தது. விலை குறைந்தது, லாரி போகிற ரோட்டோரத்தில் மேசை ஃபேன் காற்றில் இருந்தது. எது முதலில் விழும்? எனக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான்.

கரண்ட் வேறு அப்போது பொழுதுக்கும் ஏறும், இறங்கும். ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு டக்குக்கும் சமையல்கட்டில் என் கை நின்றுவிடும். காலையில் குளித்து முடித்ததும் பெட்டியைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைப்பேன். மாவு அரைத்த கையோடு அந்தப் பக்கம் போகமாட்டேன். என் குழந்தைக்குக்கூட அவ்வளவு பார்த்ததில்லை என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

ஒரு நாள் காலை பெட்டி பீப் பீப் என்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிட்டது. சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தேன். அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினார். அன்றைக்குத்தான் மதர்போர்டை முதன்முதலாகப் பார்த்தேன். பச்சையாக, மேலிருந்து பார்த்த வயல் மாதிரி இருந்தது. வரப்பு வரப்பாகக் கோடுகள். கருப்புக் கருப்பாகக் கால் முளைத்த பூரான் மாதிரி சிப்புகள். சூட்டிலும் குளிரிலும் அந்தச் சிப்புகள் குழியை விட்டு மெல்ல மேலே எழும்பிவிடுமாம். அவர் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்தினார். கிறுக் கிறுக் என்று உட்கார்ந்தன. மூடிப் போட்டதும் ஓடியது.

"உங்கண்ணன் கிட்ட சொல்லாதீங்க" என்றேன்.

"சொல்லுவனா?" என்றார்.

எனக்கு அன்றைக்கு அவரோடு ஒரு ரகசியம் கிடைத்த மாதிரி இருந்தது. அக்காவுக்குத் தெரியாத ஒன்று. அந்த ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

நடுநடுவே அவர் மாடிக்குப் போய் வருவார். வந்ததும், "அக்கா கம்ப்யூட்டரு எப்படி இருக்குது?" என்று கேட்பேன். "அதுக்கு என்னா, ராஜா மாதிரி ஓடுது" என்பார். என் முகம் சுண்டுவதை அவர் பார்த்ததில்லை. அது கெட்டுப்போக வேண்டும் என்று சாமியிடம் நான் வேண்டிக்கொள்ளவில்லை. அது சத்தியம். ஆனால் கெட்டுப்போனதாகச் சேதி வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கண்ணாடி முன் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. அக்கா ஆள் அனுப்பினார். "பொங்கலு உன் கையிலதான் வரும். வந்து செஞ்சு குடுத்துட்டுப் போ" என்று சேதி. அதையாவது ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் பெருமை. வெல்லத்தைப் பாகு காய்ச்சி வடிகட்டி, நெய்யை இறுத்து ஊற்றி, முந்திரி வறுத்துப் போட்டுப் பித்தளைக் குண்டானில் சர்க்கரைப் பொங்கல் செய்தேன். கையில் ஒட்டாமல் மினுமினுவென்று வந்தது.

மாடியில் டைப்ரைட்டர்களை எல்லாம் வரிசையாக அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார்கள். வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் அக்கா கம்ப்யூட்டருக்குத் தனியாகப் பூஜை போட்டார். எங்கள் பக்கம் மிஷினுக்குப் படைப்பதை மிஷின்மேல்தான் வைப்பது. தையல் மிஷினானாலும் மாவு மிஷினானாலும் அப்படித்தான். அக்கா மானிட்டரைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, பெட்டியின் மூடிமேல் தலைவாழை இலை ஒன்றை விரித்து, பொரி, கடலை, பழம் எல்லாம் வைத்து, நடுவில் என் பொங்கலைக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டினார். சாம்பிராணிப் புகையில் அந்தப் பெட்டி சாமி மாதிரியே இருந்தது. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பொங்கல் உள்ளே போயிற்று. என்னை அன்றைக்கும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

படையலை மறுநாள் காலை வரை எடுக்கக்கூடாது. மிஷினையும் தொடக்கூடாது. அப்படியே கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எங்கள் பெட்டிக்குப் படைக்க ஒரு கரண்டி பொங்கல்கூடக் கொண்டுவர மறந்திருந்தேன். என் வீட்டுக்காரர் அதற்குள் ஒரு பொட்டுச் சந்தனம் வைத்து, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி முடித்திருந்தார். அந்த ஒற்றைப் பொட்டைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய வீட்டுப் பெட்டிக்குத் தலைவாழை இலை, நம் பெட்டிக்கு ஒரு பொட்டு. அதிலும் அந்தப் பொங்கலைக் கிண்டினது நான்.

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் அக்காவின் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.

சேதியோடு வந்தது அக்காதான். நான் கண்ணாடி முன் பழகிவைத்த முகம் ஒன்றும் உதவவில்லை. அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"காலையில போட்டன். விளக்கு எரிஞ்சுது, அப்படியே அணைஞ்சு போச்சு. ஏசியில வெச்சிருக்கறன். ஒரு தூசி உள்ள வுட்டதில்ல. வேகமா ஓட்டினதில்ல. அப்பறம் எப்படிப் போவும்? கண்ணுதான். ஆரோ கண்ணு வெச்சுட்டாங்க."

ஆரோ என்று சொல்லும்போது என்னையே பார்த்தார். "தெனமும் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தா?" என்று முணுமுணுத்தார். அது என் காதில் விழ வேண்டும் என்றுதான் முணுமுணுத்தார்.

அன்றைக்கே பூசணிக்காய் சுற்றி உடைத்தார்களாம். உப்பு மிளகாயும் சுற்றிப் போட்டார்களாம். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபமும் வந்தது, பயமும் வந்தது. பயம் என்னவென்றால், அது நிஜமாக இருந்தால்? அப்படித்தானே பார்த்தேன்? ஒரு வருஷமாக ஒரு பெட்டியைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தால், பெட்டி தாங்குமா? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கண்ணு பட்டு போர்டு போவுமாங்க?"

"உன் கண்ணுக்கு அவ்ளோ சக்தி இருந்தா மொதல்ல நம்ம வூட்டு ஓனரப் பாத்திருக்கலாமே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மெட்ராஸ் கம்பெனிக்காரர் இதோ அதோ என்று நாள் கடத்தினார். மூத்தாருக்கு அவசரம். கல் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றின் வேலையை ஒப்புக்கொண்டிருந்தார். கப்பல் தேதிக்குள் பட்டியல்கள் எல்லாம் அடித்துக் கொடுக்க வேண்டும். கடைசியில் என் வீட்டுக்காரர் பெங்களூர்க்காரருக்குச் சொல்லி அனுப்பினார். எங்களுக்குப் பெட்டி பூட்டிக் கொடுத்தவர்தான். குண்டாக, கன்னடம் கலந்த தமிழில் பேசுகிற மனிதர். வேறு ஏதோ வேலையாகச் சேலம் போகிற வழியில் இறங்கினார். அக்காவின் பெட்டியை எங்கள் அறைக்குத் தூக்கி வந்து, எங்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே மேசைமேல் வைத்துத் திறந்தார்கள். மூத்தாரும் அக்காவும் நாற்காலியில். நான் சமையல்கட்டு வாசலில்.

மூடியைத் தூக்கினதும் அவர், "ஐயோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார்.

உள்ளே எறும்பு. சிற்றெறும்பு. பெரும்பாலும் செத்துக் காய்ந்து கிடந்தன. கொஞ்சம் இன்னும் ஊர்ந்தன. காற்றுப் போக மூடியில் விட்டிருந்த கீற்றுகளுக்கு நேர் கீழே, பலகைமேல் பழுப்பாக ஒரு கறை, ஆறு மாதிரி இறங்கியிருந்தது. சூட்டில் இலை வெந்து கிழிந்து, நெய்யும் வெல்லப்பாகும் உள்ளே ஒழுகியிருக்கிறது. மேலே துடைத்தவர்களுக்கு உள்ளே போனது தெரியவில்லை. அவர் விரலால் சுரண்டி எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு முந்திரித் துண்டு.

"ஏனம்மா இது, கம்ப்யூட்டருக்கு ஊட்டா போட்டீங்களா, சாப்பாடு? பொங்கலு ரொம்ப சென்னாகி, ருசியா இருந்திருக்கும் போல. எறும்பு எல்லாம் குடும்பத்தோட வந்திருக்குது."

மூத்தார் அக்காவைப் பார்த்தார். அக்கா தன் வாட்சைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் ரோட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கிற்று. என் கண் இல்லை. நான் கிண்டின பொங்கல்தான், ஆனால் அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தது நானில்லை.

"போர்டு மோசமான போர்டா?" என்று மூத்தார் கேட்டார். அவருக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

"சே சே. நல்ல போர்டு சார். நோடி, இங்க பாருங்க, எவ்ளோ தடிமனா இருக்குது. ஈயம் வெச்சது முத்து முத்தா இருக்குது. நான் தம்பிக்குக் குடுத்ததுல இந்த வேலைப்பாடு இல்ல, பொய் சொல்லமாட்டன். ஆனா கோடு எல்லாம் வெல்லத்துல அரிச்சுப் போச்சு. இனி ஆவாது. எவ்ளோ விலை குடுத்தாலும் பொங்கல் திங்கற போர்டு எங்கயும் செய்யறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள், அக்கா உட்பட. எனக்கு மட்டும் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை தைத்தது. 'இந்த வேலைப்பாடு இல்ல.' ஒப்பிட்டுக் காட்ட அவர் எங்கள் பெட்டியின் மூடியையும் எடுத்துவிட்டிருந்தார். இரண்டு பலகையும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. செத்த பிறகும் அக்காவினுடையதுதான் அழகாக இருந்தது. எங்களுடையது மெலிசாக, ஓரத்தில் பிசிறோடு, ஏதோ கடன் வாங்கிக் கட்டின நகை மாதிரி இருந்தது. உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் அதற்குப் பெருமை. செத்துப்போன ஒன்றின்மேல் பொறாமைப்பட முடியுமா என்று கேட்டால், முடியும்.

"அப்படின்னா எறும்பு வராம இருந்திருந்தா இதுதான் ரொம்ப நாள் வந்திருக்குமா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"வந்திருக்கலாம். வராமயும் போயிருக்கலாம். கரண்டு, சூடு, தூசி, இது மூணுந்தான் போர்ட சாவடிக்கும். சும்மா ஓட்டினா ரெண்டும் ஓடும்" என்று சொல்லிக் காபியைக் குடித்துவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அதற்குப் பிறகு வேறு வழியில்லை. கல் ஆபீஸ் வேலையை எங்கள் கம்ப்யூட்டரில்தான் முடிக்க வேண்டும். மறுநாள் காலை அக்கா வந்தார். என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் விரல் ஓடிய சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது. என் வீட்டுக்காரர் அடித்தால் விட்டுவிட்டுக் கேட்கும். இது மழை மாதிரி விடாமல் கேட்டது. "அண்ணி கை பட்டா இந்தப் பெட்டியே வேற மாதிரி ஓடுது" என்று அவர் சொன்னதும் கேட்டது. நான் அரிசியை இரண்டு தடவை களைந்தேன்.

கடைசி நாள் மூத்தாரும் வந்து உட்கார்ந்திருந்தார். சாயங்கால வண்டிக்குக் காகிதம் போக வேண்டும். கணக்கைக் கூட்டச் சொன்னால் கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டே நின்றது. அக்கா பொறுமையிழந்துவிட்டார்.

"இதுல வேகமா ஓட ஒரு பட்டன் இருக்குதாமே. அது எங்க, தம்பி?"

"இருக்குது அண்ணி. ஆனா போடறதில்ல. சூடாவும்."

"ஒரு நாளைக்குத்தானே. ஒரு நாள்ல என்னா ஆயிரும்?" என்று அக்கா கருப்பு டேப்பின் ஓரத்தை நகத்தால் பிரித்தார். என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். டேப் பாதி பிரிந்துவிட்டது.

அந்தப் பிசிறு ஓரமும் மெலிசுப் பலகையும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. அது நின்றால் அதற்கப்புறம் என் அடுப்பும் இல்லை.

"அத தொடாதீங்கக்கா" என்றேன்.

கரண்டியோடு அறைக்குள்ளேயே வந்துவிட்டிருந்தேன். மூத்தாருக்கு முன்னால் நான் பேசினது அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே தெரியாத மாதிரி இருந்தது.

அக்கா திரும்பினார். "ஒனக்கு இதப்பத்தி என்னா தெரியும்மா?"

எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஒங்க பெட்டிய நான் தொடலீங்கக்கா. வெளியவே நின்னன். எங்க பெட்டிய நீங்களும் அப்படி வுட்டுருங்க."

கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூத்தார் என் பக்கம் திரும்பவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே அக்காவிடம் சொன்னார்.

"டேப்ப ஒட்டு. அவங்க வூடு, அவங்க பெட்டி. அவங்க எப்படி ஓட்டறாங்களோ அப்படித்தான் ஓட்டணும்."

அக்கா டேப்பை ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார். சாயங்கால வண்டி போயிற்று, காகிதம் மறுநாள் காலை வண்டியில்தான் போனது. கல் ஆபீஸ்காரர் கத்தினாராம். மூத்தார் அதைப் பற்றி எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லி அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. அவங்க வூடு என்று அவர் வாயால் சொல்லிவிட்டாரே. அதை அவர் திருப்பி எடுத்துக்கொள்ளமாட்டார்.

அன்றைக்குப் படுக்கும்போது என் வீட்டுக்காரர் என்னைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். "அண்ணி என்னா ஸ்பீடு பாத்தியா?" என்றார்.

எங்கள் பெட்டி அதற்குப் பிறகும் ஓடியது. எத்தனை வருஷம் என்று சரியாக நினைவில்லை. எங்கள் கடைசிப் பெண் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது இருந்தது. அது கெட்டுப்போய் நிற்கவில்லை. புதிது வந்ததும், வேலைக்கு ஆகாது என்று எடுத்துப் பரண்மேல் போட்டோம். அக்கா வேறொன்று வாங்கினார், அதுவும் விலை கூடினதுதான், அதற்குக் கலர் மானிட்டர். அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது. அக்கா போய்ச் சேர்ந்த பிறகு இப்போது எரிவதற்கு ஆளில்லை என்பதுதான் குறை.

பேரனுக்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றுமில்லை. விலை கூடின பலகை கூடுதல் நாள் வந்திருக்குமா என்பதைப் பொங்கல் பார்க்கவிடவில்லை. படிக்கிறவர்களில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாராவது இருந்தால், நான் எழுதினதில் தப்பு இருந்தால் திருத்துங்கள். டர்போ விளக்கு மஞ்சளா பச்சையா என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. சூட்டில் சிப்பு குழியை விட்டு எழும்பும் என்று என் வீட்டுக்காரர் சொன்னது நிஜம்தானா என்றும் பார்த்துச் சொல்லவும். என்னைச் சமாதானப்படுத்த அவர் எதையாவது சொல்லியிருக்கவும் கூடும்.